ரூட்டர் சிபியூ 90 சதவீதம்: திருத்துவதா, குறுக்குவழி போடுவதா, தடுப்பதா, மாற்றுவதா?

ரூட்டரின் சிபியூ 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் பேச்சு நாலு திசையில் போகும். கான்ஃபிகில் (ரூட்டரின் அமைப்புகளில்) எங்கோ தப்பு இருக்கிறது, தேடலாம் என்பார் ஒருவர். ஆஃப்லோடை (சோதனைகளைத் தாண்டி பாக்கெட்டை நேராக அனுப்பும் குறுக்குவழி) ஆன் செய்தால் இறங்கிவிடும் என்பார் இன்னொருவர். வெளியிலிருந்து யாரோ அடிக்கிறார்கள், தடுப்புப் போடுவோம் என்பது மூன்றாவது. பெட்டி பழசு, புதுசு வாங்கிவிடலாம் என்பது நாலாவது. நாலுமே உருப்படியான தீர்வுகள்தான். ஆனால் ஒன்று செய்ய வேண்டிய வேலையை இன்னொன்று செய்யாது. லூப்பில் (ரூட்டர்களுக்கிடையே திரும்பத் திரும்ப) சுற்றும் பாக்கெட்டுக்குப் புது ரூட்டர் வாங்கினால் அது இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சிபியூவை எது தின்கிறது என்ற ஒரே விவரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலானவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் செலவழிப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டிய வரி

சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டரில் ‘ஷோ பிராசஸஸ் சிபியூ சார்ட்டட்’ அடித்தால் முதல் வரி இப்படி வரும்:

சிபியூ யூட்டிலைசேஷன் ஃபார் ஃபைவ் செகண்ட்ஸ்: 92%/78%, ஒன் மினிட்: 88%, ஃபைவ் மினிட்ஸ்: 85%

சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் 92 மொத்தச் சுமை. வலப்பக்கத்து 78 இன்டரப்ட் நிலையில் செலவானது, அதாவது ஒரு இன்டர்ஃபேஸில் வந்த பாக்கெட்டை இன்னொன்றில் தள்ளிவிடும் வேலை. நேட் (முகவரி மாற்றம்), ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்), கியூஓஎஸ் (டிராஃபிக் முன்னுரிமை) எல்லாம் இதற்குள்தான் வரும். மீதி 14 தனித்தனி பிராசஸ்களுக்கு. இதே 92, ‘92%/15%’ என்று வந்திருந்தால் நோயே வேறு: டிராஃபிக் லேசாகத்தான் ஓடுகிறது, ஏதோ ஒரு பிராசஸ் 77 சதவீதத்தை விழுங்குகிறது. முதல் வகையில் ஆஃப்லோடும் பெரிய ரூட்டரும் பேசத் தகுந்தவை. இரண்டாம் வகையில் அவற்றைப் பற்றிப் பேசுவதே வீண். கான்ஃபிக் திருத்தமும் தடுப்பும்தான் வழி.

சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ ஓடும் பெட்டிகளில் இந்த வரி பாதிக் கதைதான் சொல்லும். அங்கே ரூட்டிங் கணக்கும் நிர்வாகமும் நடக்கும் கண்ட்ரோல் பிளேன் தனி, பாக்கெட் தள்ளும் டேட்டா பிளேன் தனி. முன்னதற்கு ‘ஷோ பிராசஸஸ் சிபியூ பிளாட்ஃபார்ம் சார்ட்டட்’, பின்னதற்கு ‘ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் கியூஎஃப்பி ஆக்டிவ் டேட்டாபாத் யூட்டிலைசேஷன்’. டேட்டா பிளேனை சாஃப்ட்வேரில் ஓட்டும் மாடல்களில் அந்த பிராசஸ் ஓயாமல் போலிங் (பாக்கெட் வந்ததா என்று பார்ப்பது) செய்துகொண்டே இருக்கும். டிராஃபிக் இல்லாதபோதும் பெரிய எண்ணைக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், இரண்டாவது கமாண்டில் வரும் ‘பிராசஸிங் லோட்’ தான் உண்மையான அளவு.

மைக்ரோடிக்கில் ‘டூல் புரொஃபைல்’ எல்லாக் கோர்களுக்கும் ஓட்டினால் ஃபயர்வால், நெட்வொர்க்கிங், கியூயிங், என்கிரிப்டிங், டிஎன்எஸ், மேனேஜ்மென்ட் என்று வேலைவாரியாகப் பிரித்துக் காட்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற லினக்ஸ் ரூட்டர்களில் ‘டாப்’ திறந்து சாஃப்ட்இன்டரப்ட் பங்கைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் பாக்கெட் சுமை. யூசர் பங்கு ஏறியிருந்தால் ஏதோ ஒரு புரோகிராம்.

இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி, சராசரி. நாலு கோர் உள்ள ரூட்டரில் ஒரு கோர் 100, மற்ற மூன்றும் சும்மா என்றால் மானிட்டரிங் திரையில் 25 சதவீதம் என்று பச்சையாகத் தெரியும். பயனர்கள் ‘நெட் இழுக்கிறது’ என்று புகார் சொல்வார்கள், நீங்கள் ‘சிபியூ நல்லாத்தானே இருக்கு’ என்பீர்கள். ஒரு டிராஃபிக் ஓட்டத்தின் பாக்கெட்டுகள் வரிசை மாறக்கூடாது என்பதால் அவற்றை ஒரே கோரிடம் தருவதுதான் வழக்கம். பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) இணைப்பில் இது இன்னும் மோசம். பல நெட்வொர்க் கார்டுகளால் பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் வரும் டிராஃபிக் மொத்தமும் ஒரே கியூ, ஒரே கோர். கோர்வாரியாகப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஒன்றும் செய்யாமல் விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான். ‘ஷோ பிராசஸஸ் சிபியூ ஹிஸ்டரி’ கடைசி 60 வினாடி, 60 நிமிடம், 72 மணி நேர வரைபடங்களைத் தரும். நட்சத்திரக் குறி உச்சம், ஹாஷ் குறி சராசரி. உச்சம் அடிக்கடி 100ஐத் தொட்டு சராசரி 30இல் இருந்தால், பெரும்பாலும் அது பிஜிபி (பிற நெட்வொர்க்குகளோடு பாதைகளைப் பரிமாறும் புரோட்டோகால்) ஸ்கேனர் 60 வினாடிக்கு ஒரு முறை ரூட்டிங் டேபிளை நடந்து பார்ப்பது. குறைந்த முன்னுரிமை உள்ள பிராசஸ் அது. வேறு யாரும் கேட்காத சிபியூவைத்தான் எடுத்துக்கொள்கிறது, மற்ற வேலை வந்தால் விலகிவிடும். பாக்கெட் டிராப் இல்லை, பிஜிபியோ ஓஎஸ்பிஎஃபோ (உள் நெட்வொர்க்கில் பாதை பரிமாறும் புரோட்டோகால்) விழவில்லை, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ரூட்டருக்குள் நுழைவது) தட்டினால் உடனே பதில் வருகிறது என்றால் அந்த 100ஐ விட்டுவிடுங்கள்.

திருத்துவது: செலவு குறைவு, தேடல் அதிகம்

பிராசஸ் பக்கம் சுமை இருந்தால் முதல் தேர்வு இதுதான். எந்த பிராசஸின் பெயர் மேலே நிற்கிறதோ அதுவே பாதி விடை.

ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் என்ற வன்பொருள் முகவரியைக் கேட்டறிவது) இன்புட் மேலே நின்றால் டிஃபால்ட் ரூட்டை, அதாவது வேறு பாதை தெரியாத டிராஃபிக் போகும் வழியைப் பாருங்கள். ‘ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 கிகாபிட்ஈதர்நெட்0/0’ என்று இன்டர்ஃபேஸை மட்டும் கொடுத்து, அடுத்த ரூட்டரின் ஐபியைக் கொடுக்காமல் விட்டிருந்தால், இன்டர்நெட் முழுவதும் அந்த வயரிலேயே நேரடியாக இருப்பதாக ரூட்டர் நினைத்துக்கொள்ளும். போகும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு ஏஆர்பி கேட்கும். எதிர்முனையில் பிராக்ஸி ஏஆர்பி ஆன் என்றால் எல்லாவற்றுக்கும் ‘நான்தான்’ என்று பதில் வந்து, இணைப்பும் வேலை செய்யும். அதனால்தான் இது வருடக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது. ‘ஷோ ஐபி ஏஆர்பி’ அடித்தால் ஆயிரக்கணக்கான வெளி முகவரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே மேக் முகவரி என்று வரும். அடுத்த ஹாப் ஐபியைச் சேர்த்து வரியை மாற்றினால் சிபியூ சில நிமிடத்தில் இறங்கும்.

ஐபி இன்புட் மேலே நின்றால் வேலை கொஞ்சம் கூடுதல். வேகப் பாதையில் போக முடியாமல் சிபியூவிடம் கையால் தூக்கிக் கொடுக்கப்படும் பாக்கெட்டுகள் எல்லாம் இந்தப் பெயரில்தான் வந்து சேரும். ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்’ கொடுத்து, பிராசசர் வரிசையில் எண் வேகமாக ஏறும் இன்டர்ஃபேஸைக் கண்டுபிடியுங்கள். அந்த இன்டர்ஃபேஸின் இன்புட் கியூ 75/75 என்று நிரம்பி டிராப் ஏறிக்கொண்டிருந்தால், ‘ஷோ பஃபர்ஸ் இன்புட்-இன்டர்ஃபேஸ்’ என்று இன்டர்ஃபேஸ் பெயரோடு ‘ஹெடர்’ சேர்த்து அடிக்கலாம். கியூவில் நிற்கும் பாக்கெட்டுகளின் மூலம், சேருமிடம், டிடிஎல் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) எல்லாம் தெரியும். டீபக் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. 90இல் இருக்கும் ரூட்டரில் ‘டீபக் ஐபி பாக்கெட்’ போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

டிடிஎல் 1 ஆக இருக்கும் பாக்கெட்டுகள் குவிந்தால் லூப். பெரும்பாலும் இப்படி உருவாகிறது: சேவை வழங்குநர் உங்களுக்கு 203.0.113.0/24 தொகுதியை (256 முகவரிகள்) ரூட் செய்திருக்கிறார். நீங்கள் அதில் ஒரு /28 (16 முகவரிகள்) மட்டும் பயன்படுத்துகிறீர்கள். மீதி முகவரிக்கு யாராவது ஸ்கேன் அடித்தால் பாக்கெட் உங்களிடம் வரும். உங்களிடம் அதற்கு ரூட் இல்லை, டிஃபால்ட் ரூட் வழியே திரும்ப வழங்குநரிடம் போகும். அவர் மறுபடி உங்களிடம் அனுப்புவார். டிடிஎல் 50 மிச்சத்தோடு வந்த ஒரே பாக்கெட்டை உங்கள் ரூட்டர் சுமார் 25 தடவை கையாளும், லிங்க்கும் அதே அளவுக்கு நிரம்பும். தீர்வு ஒரு வரி: ‘ஐபி ரூட் 203.0.113.0 255.255.255.0 நல்0’. /28 ரூட் இன்னும் குறிப்பானது, ரூட்டர் அதையே முதலில் எடுக்கும் என்பதால் அதற்குப் பாதிப்பில்லை; மீதி எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். நல்0 இன்டர்ஃபேஸில் ‘நோ ஐபி அன்ரீச்சபிள்ஸ்’ போட மறக்காதீர்கள். மறந்தால் எறியும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் எழுதுவதா வேண்டாமா என்ற வேலை சிபியூவின் தலையில் விழும்.

கன்சோல் லாகிங்கும் சத்தமில்லாமல் கொல்லும். சீரியல் கன்சோலின் வேகம் 9600 பாட், அதாவது வினாடிக்கு 960 எழுத்து. 100 எழுத்துள்ள லாக் வரி என்றால் வினாடிக்குப் பத்துக்குக் கீழே. ஏசிஎல் கடைசி வரியில் ‘டினை ஐபி எனி எனி லாக்’ எழுதிவிட்டு, வெளியே இருந்து ஸ்கேன் வந்தால் பத்து வரி எங்கே போதும்? கன்சோலில் எவரும் இல்லாவிட்டாலும் ரூட்டர் எழுதிக்கொண்டேதான் இருக்கும். ‘நோ லாகிங் கன்சோல்’, ‘லாகிங் பஃபர்ட்’, ஏசிஎல்லில் ‘லாக்’ சொல்லை எடுத்துவிடுவது, மூன்றையும் செய்யுங்கள்.

எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் புரோட்டோகால்) பெயர் மேலே வந்தால், மானிட்டரிங் சர்வர் ரூட்டிங் டேபிளையும் ஏஆர்பி டேபிளையும் வரிவரியாக இழுக்கிறது என்று பொருள். எஸ்என்எம்பி அகர வரிசையில்தான் பதில் சொல்ல வேண்டும். டேபிள் அப்படி அடுக்கப்பட்டிருக்காது. ஒவ்வொரு ‘அடுத்தது என்ன’ கேள்விக்கும் ரூட்டர் தேட வேண்டும். வியூ ஒன்று எழுதி 1.3.6.1.2.1.4.21 (ரூட்டிங் டேபிள்), 1.3.6.1.2.1.4.22 (ஏஆர்பி டேபிள்) இரண்டு கிளைகளையும் விலக்கினால் முடிந்தது. இன்டர்ஃபேஸ் கவுண்ட்டர்கள் வழக்கம்போல வரும்.

மைக்ரோடிக்கில் புரொஃபைலில் டிஎன்எஸ் உச்சத்தில் நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ‘அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்’ ஆன், வெளிப்புற இன்டர்ஃபேஸில் 53ஆம் போர்ட் திறந்து கிடக்கிறது, உங்கள் ரூட்டரை வைத்து யாரோ இன்னொருவரைத் தாக்குகிறார்கள். இன்புட் செயினில் வெளிப்பக்கம் இருந்து வரும் 53ஐ, யூடிபி டிசிபி இரண்டிலும், டிராப் செய்யுங்கள். உள்ளே இருக்கும் பயனர்களுக்கு டிஎன்எஸ் வழக்கம்போல் கிடைக்கும்.

ஃபயர்வால் அதிகம் தின்றால் ரூல் வரிசையைப் பாருங்கள். எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் இணைப்புகளை அனுமதிக்கும் ரூல் முதலில் இருக்க வேண்டும். அது 60ஆவது இடத்தில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் 59 ரூல்களைத் தாண்டி வருகிறது. லேயர் 7 பேட்டர்ன் ரூல்கள் ஒவ்வொரு இணைப்பின் முதல் 10 பாக்கெட் அல்லது 2 கேபியைச் சேர்த்துவைத்துத் துழாவும். இன்றைய டிராஃபிக் பெரும்பாலும் என்கிரிப்ட் ஆகியிருப்பதால் துழாவியும் பெரிதாகக் கிடைப்பதில்லை. தயங்காமல் எடுத்துவிடலாம்.

டனல் இருக்கும் இடங்களில் ஃபிராக்மென்டேஷனையும் (பாக்கெட் துண்டாவது) கணக்கில் வையுங்கள். பிபிபிஓஇ என்றால் எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 பைட், எம்எஸ்எஸ் (அதற்குள் டிசிபி டேட்டாவின் உச்ச அளவு) 1452. ஜிஆர்இ டனல் என்றால் 1476, 1436. ஜிஆர்இ மேல் ஐபிசெக் (என்கிரிப்ஷன்) என்றால் 1400, 1360 என்று வைப்பது வழக்கம். எம்எஸ்எஸ் கிளாம்ப் (அந்த அளவைக் கட்டாயப்படுத்தும் அமைப்பு) இல்லாத டனலில் பெரிய பாக்கெட் ஒவ்வொன்றும் இரண்டாக உடைந்து போகும். உடைத்த துண்டுகளை ஒட்டும் வேலை டனலின் மறுமுனை ரூட்டருக்கு. உடைப்பதைவிட ஒட்டுவதுதான் பலமடங்கு கஷ்டம். அதனால் தலைமை அலுவலக ரூட்டர் மூச்சு வாங்கும்போது, பிழை கிளை அலுவலக ரூட்டரில் இருக்கக்கூடும்.

குறுக்குவழி: ஃபாஸ்ட்டிராக், ஃப்ளோ ஆஃப்லோட்

இன்டரப்ட் பக்கம் சுமை, ரூல் வரிசை சரி, லூப் இல்லை. அப்போது ஆஃப்லோட். கொள்கை எளிது: ஒரு இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளை முழுதாகச் சோதித்த பிறகு, மீதியை ஃபயர்வாலுக்கும் கியூவுக்கும் காட்டாமல் நேராக அனுப்பிவிடுவது.

மைக்ரோடிக்கில் ஃபார்வர்ட் செயினில் எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் இணைப்புகளுக்கு ‘ஃபாஸ்ட்டிராக் கனெக்ஷன்’ என்று ஒரு ரூல், அதற்கு அடியிலேயே அதே நிபந்தனையோடு ‘அக்செப்ட்’ ரூல். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், ஃபாஸ்ட்டிராக் ஆன இணைப்பிலும் சில பாக்கெட்டுகள் பழைய பாதையில் வரும், அவற்றை ஏற்க ஆள் வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் 18.06 பதிப்பிலிருந்து சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் இருக்கிறது. எம்டி7621 போன்ற சிப்புகளில் ஹார்ட்வேர் ஆஃப்லோடும் உண்டு. ஹார்ட்வேர் வகையில் டிராஃபிக் சிபியூவைத் தொடுவதே இல்லை, அதனால் எண் தலைகீழாக விழும்.

விலை என்ன? வேகப் பாதையில் போகும் பாக்கெட்டை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. ஃபாஸ்ட்டிராக் ஆன டிராஃபிக் சிம்பிள் கியூவுக்கும் (வேக வரம்பு) மேங்கிளுக்கும் (பாக்கெட்டுக்கு மார்க் போடும் ரூல்கள்) படாது. ஒவ்வொரு பயனருக்கும் 10 எம்பிபிஎஸ் என்று கியூ போட்டு வைத்திருந்தால், ஃபாஸ்ட்டிராக் ஆன் செய்த நொடியில் அது காகிதத்தில் மட்டும் இருக்கும். இரண்டு லைன்களுக்கு மேங்கிள் மார்க் வைத்து டிராஃபிக் பிரித்திருந்தால் இணைப்புகள் தாறுமாறாகும். ஐபிசெக் பாலிசியில் போக வேண்டிய டிராஃபிக்கும் அறுபடும். அதை ஃபாஸ்ட்டிராக் ரூலுக்கு மேலே ஐபிசெக் பாலிசி பொருத்தத்தோடு அக்செப்ட் செய்து விலக்க வேண்டும். ‘ஆன் செய்தேன், சிபியூ இறங்கியது, ஆனால் கிளை அலுவலக சர்வர் மட்டும் திறக்கவில்லை’ என்ற புகாரின் மூலம் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்.

ஆக, ஆஃப்லோடுக்கு எதிரே நிற்பது புது ரூட்டர் என்பதைவிட எஸ்க்யூஎம் (நெரிசலில் தாமதம் ஏறாமல் பார்க்கும் கியூ நிர்வாகம்) என்பதுதான் சரி. அதன் கியூ முறைகளான கேக், எஃப்கியூ-கோடெல் போன்றவை லைன் நிரம்பியிருக்கும்போதும் வீடியோ அழைப்பு தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒவ்வொரு பாக்கெட்டையும் சிபியூ தொட வேண்டும். ஹார்ட்வேர் ஆஃப்லோட் அந்தக் கியூவைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இரண்டையும் சேர்த்து ஆன் செய்துவிட்டு இரண்டும் வேலை செய்வதாக நம்புகிறவர்கள் பலர். சோதனை எளிது: பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்துகொண்டே பிங் ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லிவினாடி வந்த பிங் 200க்கு ஏறினால் எஸ்க்யூஎம் உங்களிடம் இல்லை, திரையில்தான் இருக்கிறது.

லைன் வேகம் கூடுதலாகி லேட்டன்சி (தாமதம்) பிரச்சினை இல்லாத இடத்தில் ஆஃப்லோடை எடுங்கள். அப்லோட் குறுகிய லைனில் பலர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்றால் எஸ்க்யூஎம்மை விடாதீர்கள். நடுவழியும் உண்டு. கேக்குக்குப் பதில் எஃப்கியூ-கோடெல் போட்டால் சிபியூ செலவு குறையும். அதுவும் போதாவிட்டால் எஸ்க்யூஎம்மில் டவுன்லோட் வேகத்தை 0 என்று கொடுத்து அந்தத் திசையை விட்டுவிட்டு, அப்லோடை மட்டும் கட்டுப்படுத்துங்கள். நெரிசல் பெரும்பாலும் அப்லோடில்தான் என்பதால் பாதிச் செலவில் முக்கால் பலன் கிடைக்கும்.

ஒரே கோர் 100 என்பதுதான் சிக்கல் என்றால் ஆஃப்லோடுக்கு முன் லினக்ஸ் ரூட்டரில் பாக்கெட் ஸ்டியரிங்கை ஆன் செய்து பாருங்கள். எந்த அம்சத்தையும் இழக்காமல் சுமை மற்ற கோர்களுக்குப் பரவும்.

தடுப்பு: கண்ட்ரோல் பிளேன் போலிசிங்

ரூட்டர் வழியாகப் போகும் டிராஃபிக் ஒன்று, ரூட்டருக்கே வரும் டிராஃபிக் வேறு. இரண்டாவதுதான் சிபியூவைச் சாய்க்கிறது என்றால் தடுப்புதான் சரியான கருவி. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6192 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் இதைப் பற்றியது. ரூட்டருக்கு வர வேண்டியது எது என்று பட்டியலிட்டு, மற்றதை நெறிப்படுத்து என்பது அதன் சாரம்.

சிஸ்கோவில் வகை பிரிப்பது வழக்கமாக இப்படி: பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் போன்றவை ஒரு கிளாஸ், எஸ்எஸ்எச், எஸ்என்எம்பி இன்னொன்று, பிங், டிரேஸ்ரூட் மூன்றாவது, தெரிந்தே வேண்டாதவை நாலாவது, மிச்சமெல்லாம் கிளாஸ்-டிஃபால்ட். முதல் வாரம் எந்த கிளாஸிலும் எதையும் டிராப் செய்யாதீர்கள். எல்லைக்குள் வந்தாலும் டிரான்ஸ்மிட், மீறினாலும் டிரான்ஸ்மிட் என்று வைத்து ‘ஷோ பாலிசி-மேப் கண்ட்ரோல்-பிளேன்’ எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளின் அளவு தெரிந்த பிறகுதான் மீறுவதை டிராப் செய்ய வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏஆர்பி நல்ல உதாரணம். தனி கிளாஸ் எழுதாவிட்டால் ஏஆர்பி கிளாஸ்-டிஃபால்ட்டில் விழும். அதை இறுக்கிக் கட்டினால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது, ஏனென்றால் ஏற்கெனவே கற்ற பதிவுகள் டேபிளில் இருக்கின்றன. சிஸ்கோவில் ஏஆர்பி பதிவின் ஆயுள் 4 மணி நேரம். மாலை 6 மணிக்குச் செய்த மாற்றத்தின் விளைவு இரவு 10 மணிக்குள் ஒவ்வொரு கணினியாக அறுந்து விழும்போது தெரியும். அப்போது மாலை செய்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

சாஃப்ட்வேரில் பாக்கெட் தள்ளும் சிறிய ரூட்டர்களில் இந்தத் தடுப்பும் அதே சிபியூவில்தான் ஓடுகிறது. பிராசஸ் பங்கு இறங்கும். இன்டரப்ட் பங்கு இறங்காது. லிங்க்கே நிரம்பும் அளவுக்குத் தாக்குதல் வந்தால் இந்த முனையில் எதைப் போட்டாலும் பயனில்லை, சேவை வழங்குநரிடம் சொல்லி அந்தப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். மைக்ரோடிக்கில் இதற்கு இணையானது ரா டேபிள்; கனெக்ஷன் டிராக்கிங்குக்கு முன்பே பாக்கெட்டை எறிந்துவிடுவதால் ஃபில்டர் டேபிளில் டிராப் செய்வதைவிடச் செலவு குறைவு.

திருத்தமா தடுப்பா என்று இரண்டும் முன்னால் நின்றால் திருத்தத்துக்கே என் வாக்கு. லூப்பால் வரும் டிடிஎல் பாக்கெட்டுகளைப் போலிசிங்கால் அடக்கினால் சிபியூ இறங்கும், லிங்க் தொடர்ந்து நிரம்பிக்கொண்டே இருக்கும். ஆனால் இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் ரூட்டர் என்றால், இன்று பிரச்சினை இல்லாவிட்டாலும் தடுப்பு இருக்கத்தான் வேண்டும். சிபியூ மூச்சுத் திணறி 40 வினாடி ஓஎஸ்பிஎஃப் ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி) அனுப்ப முடியாமல் போனால் அண்டை ரூட்டர் உறவை முறிக்கும். முறிந்ததால் எல்லோரும் பாதையை மறுபடி கணக்கிடுவார்கள். அதற்கும் சிபியூ வேண்டும். அந்தச் சுழலில் ஒரு தடவை விழுந்த நெட்வொர்க் தானாக எழுவது கடினம்.

புது ரூட்டர்

இன்டரப்ட் பங்கு உயரம், ஆஃப்லோட் போட முடியாது அல்லது போட்டும் போதவில்லை, லைன் வேகத்தைக் கூட்டப் போகிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் பெட்டியை மாற்றுங்கள்.

வாங்கும்போது எம்பிபிஎஸ் எண்ணைப் பார்க்காதீர்கள், பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் லைனில் 1518 பைட் ஃபிரேம்கள் வந்தால் வினாடிக்கு 81,274 பாக்கெட். அதே லைனில் 64 பைட் ஃபிரேம்கள் வந்தால் 14,88,095. லைன் அதேதான், வேலை 18 மடங்கு. விளம்பரத்தில் வரும் ‘1 ஜிபிபிஎஸ் ரூட்டர்’ பெரும்பாலும் முதல் எண்ணை மனதில் வைத்துச் சொன்னது. குரல் அழைப்பும் கேமும் டிஎன்எஸ்ஸும் நிறைந்த டிராஃபிக் இரண்டாவதன் பக்கம் சாயும். மைக்ரோடிக் தன் பெட்டிகளுக்கு 64, 512, 1518 பைட் அளவுகளில் சோதனை முடிவு போடுகிறது. அதில் ஃபாஸ்ட் பாத் வரியைத் தாண்டி ‘25 ஐபி ஃபில்டர் ரூல்ஸ்’ வரியில் 512 பைட் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது பாதுகாப்பு.

கோர் எண்ணிக்கையிலும் ஏமாறாதீர்கள். பிபிபிஓஇ லைன், ஓப்பன்விபிஎன் டனல், ஒற்றை ஷேப்பர் (வேகக் கட்டுப்பாடு) ஆகியவை ஒரே கோரில்தான் ஓடும். வேகம் குறைந்த 16 கோரைவிட வேகமான 4 கோர் இங்கே ஜெயிக்கும். டனல்தான் சுமை என்றால் என்கிரிப்ஷன் ஹார்ட்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஇஎஸ் ஹார்ட்வேர் உள்ள பெட்டியில் ஐபிசெக் நன்றாக ஓடும்; அது இல்லாத பெட்டியில் வயர்கார்ட் (இன்னொரு விபிஎன் முறை) பெரும்பாலும் ஐபிசெக்கைத் தாண்டும். முழு ரூட்டரையும் மாற்றாமல் டனலை மட்டும் தனி கணினிக்கு நகர்த்துவது பல இடங்களில் மலிவான, குழப்பம் குறைந்த வழி.

பிஜிபி ரூட்டரில் மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: முழு டேபிள் உங்களுக்கு எதற்கு? ஐபிவி4 முழு டேபிளில் 9 லட்சத்துக்கு மேல் ரூட்டுகள். ஒரே வழங்குநர் என்றால் டிஃபால்ட் ரூட் ஒன்றே போதும். இரண்டு வழங்குநர் என்றால் டிஃபால்ட்டோடு அவரவர் நேரடி வாடிக்கையாளர் ரூட்டுகளை மட்டும் வாங்கலாம். இதில் பெட்டிச் செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை, எதிர்த்திசையில். வேகம் போதவில்லை, ஆனால் சிபியூ 20தான் என்றால் அது லைசென்ஸ் வரம்பாக இருக்கலாம். சிஸ்கோ ஐஎஸ்ஆர் 4331 அடிப்படையில் 100 எம்பிபிஎஸ், பெர்ஃபார்மன்ஸ் லைசென்ஸோடு 300 என்று ஷேப் செய்யப்பட்டு வருகிறது. அங்கே சிபியூவை நோண்டிப் பலனில்லை.

ரீபூட்டும் அப்கிரேடும்

ரீபூட் செய்தால் கனெக்ஷன் டேபிள் காலியாகும், லூப் சில நிமிடம் அடங்கும், சிபியூ இறங்கும், சாட்சியும் அழியும். சரியாகிவிட்டது என்ற எண்ணம் அடுத்த நாள் வரை நிற்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பிராசஸ் பட்டியல், ஹிஸ்டரி, இன்டர்ஃபேஸ் ஸ்டேட், லாக் நாலையும் ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். தினமும் அதிகாலை 4 மணிக்குத் தானாக ரீபூட் என்று ஷெட்யூல் போடுவது தீர்வுப் பட்டியலிலேயே வராது. சாஃப்ட்வேர் அப்கிரேட், மேலே நிற்கும் பிராசஸின் பெயர் புதிய பதிப்பின் ரிலீஸ் நோட்ஸில் பிழையாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டும்.

இரண்டு பக்கமும் உயர்ந்தால்

‘95%/50%’ போன்ற எண்கள்தான் நிஜத்தில் அதிகம் தலைவலி தருபவை. பிராசஸ் பக்கத்தை முதலில் எடுங்கள், ஏனென்றால் அதன் காரணம் பல சமயம் இன்டரப்ட் பக்கத்தையும் ஏற்றியிருக்கும். லூப் இரண்டையும் ஏற்றும், ஃபிராக்மென்டேஷன் இரண்டையும் ஏற்றும். ஒரு மாற்றம் செய்தால் 24 மணி நேரம் விட்டு, அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். திங்கள் காலை 11 மணி எண்ணை ஞாயிறு இரவோடு ஒப்பிட்டு ‘இறங்கிவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள். இன்டரப்ட் பங்கு அப்போதும் 50இலேயே நின்றால் ஆஃப்லோட். அதையும் போட்ட பிறகு நெரிசல் நேரத்தில் எந்தக் கோராவது 80க்கு மேலேயே இருந்தால் புதுப் பெட்டிக்கு ஆர்டர் போடலாம். அது வந்து சேர்ந்ததும் பழைய கான்ஃபிகை அப்படியே ஒட்டாமல், டிஃபால்ட் ரூட் வரியில் அடுத்த ஹாப் ஐபி இருக்கிறதா, நல்0 ரூட் இருக்கிறதா, ஏசிஎல் கடைசி வரியில் ‘லாக்’ இன்னும் தொங்குகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு கேபிளை மாற்றுங்கள்.